ஆறடிக் கம்பிவலை டிஷ்: 21 சென்டிமீட்டர் அலைக்கு ஓராண்டுப் பயன்பாட்டில் கண்டவை

கோவை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள எங்கள் பள்ளியின் அறிவியல் மன்றத்துக்காகச் சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஓர் ஆறடிக் கம்பிவலை டிஷ் வாங்கினோம். கேபிள் டி.வி. பரவிய நாட்களில் ஒவ்வோர் ஊரிலும் கேபிள்காரர் வீட்டு மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்துக் கிடந்த அதே வகை டிஷ்தான் இது. சி பேண்டு செயற்கைக்கோள் ஒளிபரப்புக்காகச் செய்யப்படும் பொருள் என்றாலும், எங்களுக்குத் தொலைக்காட்சி தேவைப்படவில்லை. பால்வழியில் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் 1420.4 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், வெளியிடும் வானொலி அலையைப் பள்ளி மாடியிலிருந்தே மாணவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்பதே நோக்கம். அந்தப் பயன்பாட்டை மனத்தில் வைத்தே இம்மதிப்புரையை எழுதுகிறேன். சேனல் எத்தனை வரும் என்று அறிய விரும்புவோருக்கு இதில் விடை இராது.

விலை, லாரி வாடகை நீங்கலாக, ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். நான்கு வலைத் துண்டுகள், அவற்றைத் தாங்கும் வளைந்த இரும்புச் சட்டங்கள், டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் உறுப்பான ஃபீடைத் தாங்க மூன்று கால்கள், ஒரு ஜி.ஐ. பைப் நிலைக்கால், ஒரு பை நிறைய நட்டு போல்ட்டு ஆகியவை வந்தன. துத்தநாகம் பூசிய கம்பியால் நெய்த வலை. கண்ணுக்குக் கண் 6 மி.மீ. இடைவெளி, கம்பியின் பருமன் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கையில் எடுத்துப் பார்த்த மாணவர் எவரும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றே: இவ்வளவு ஓட்டை இருக்கும்போது அலை இதன் வழியே வெளியேறிவிடாதா?

இந்தப் பொருளை வாங்கலாமா வேண்டாமா என்பது அந்தக் கேள்விக்கான விடையில்தான் அடங்கியிருக்கிறது. ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சல்லடையில் நொய் இறங்கிவிடும், அரிசி தங்கிவிடும் என்று உவமை சொல்வது எளிது. ஆனால் அலை என்பது அரிசி மணி அன்று; அது கண்ணில் மாட்டிக்கொண்டு நிற்பதில்லை. வரும் அலையின் மின்புலம் கம்பியில் உள்ள எலெக்ட்ரான்களை அதன் நீளவாக்கில் முன்னும் பின்னும் தள்ளுகிறது. அப்படி அலையும் எலெக்ட்ரான்கள் ஒரு மின்னோட்டமாகின்றன; அந்த மின்னோட்டம் தானே ஒரு புதிய அலையைக் கம்பியின் இரு பக்கமும் வெளியிடுகிறது. வலைக்குப் பின்புறம் செல்லும் புதிய அலை, அங்கே வந்து சேரும் மூல அலைக்கு நேர் எதிராக அமைந்து அதை அழித்துவிடுகிறது. முன்புறம் திரும்பும் அலைதான் நாம் எதிரொளிப்பு என்று சொல்வது. தகட்டிலும் நடப்பது இதுவே. வலையில் இது நடக்க ஒரே ஒரு நிபந்தனை உண்டு: ஒரு கம்பியின் அலையும் அடுத்த கம்பியின் அலையும் இடைவெளி தெரியாமல் ஒன்றாகக் கலக்கும் அளவுக்குக் கம்பிகள் நெருங்கி இருக்க வேண்டும். இடைவெளி அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும் என்பது ஆன்டெனா செய்பவர்களின் கைக்கணக்கு. நம் டிஷ்ஷின் 6 மி.மீ. கண், சி பேண்டின் ஏழரை சென்டிமீட்டர் அலைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. 21 சென்டிமீட்டர் அலைக்கோ முப்பத்தைந்தில் ஒரு பங்கு. தொலைக்காட்சிக்காகச் செய்த வலை, ஹைட்ரஜன் அலைக்குத் தேவைக்கு மேலேயே நெருக்கமானது. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் உள்ள புள்ளித் துளைகள் வழியே உள்ளிருக்கும் பாத்திரம் கண்ணுக்குத் தெரிகிறது. 12 சென்டிமீட்டர் அலை மட்டும் வெளியே வருவதில்லை. காரணம் இதுவேதான்.

வானொலி வானியலில் ஒழுகும் அலையைவிட முக்கியமான ஒன்று உண்டு. வலை ஒழுகினால் வானத்து அலை சிறிது வீணாகும் என்பது சிறிய இழப்பு. அதே ஓட்டை வழியாகத் தரையின் வெப்பம் மேலே ஏறி ஃபீடுக்குள் புகும் என்பதே பெரிய இழப்பு. பூமி சுமார் 300 கெல்வின் வெப்பநிலையில் எல்லா அலைநீளத்திலும் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. 21 சென்டிமீட்டரில் குளிர்ந்த வானமோ பத்துக் கெல்வினுக்குள்தான். நூற்றில் ஒரு பங்கு ஒழுகினாலே மூன்று கெல்வின் இரைச்சல் சேர்ந்துவிடும். கம்பியின் பருமனையும் இடைவெளியையும் வைத்து நான் போட்ட கணக்கில், இந்த வலை 21 சென்டிமீட்டர் அலையில் சுமார் நானூறில் ஒரு பங்கை மட்டுமே விடுகிறது. அப்படியானால் தரையிலிருந்து வருவது ஒரு கெல்வினுக்கும் குறைவு.

கணக்கை நம்பி நின்றுவிடாமல் சோதித்தும் பார்த்தோம். ஒரு மாலையில் சமையலறை அலுமினியத் தாளைச் சுருள் சுருளாக வாங்கி, வலையின் உட்புறம் முழுவதையும் மூடி, விளிம்புகளைத் துணிக் கிளிப்புகளால் பிடித்து, குளிர்ந்த வானத்தையும் மறுநாள் காலையில் சூரியனையும் அளந்தோம். பிறகு தாளை நீக்கிவிட்டு அதே இடத்தில் அளந்தோம். இரண்டு அளவுக்கும் இடையே எங்கள் கருவியால் பிரித்தறியத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. வலையா தகடா என்று தயங்கும் எவருக்கும் இந்த ஒரு சோதனையைப் பரிந்துரைக்கிறேன்.

எனவே, ஓட்டையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது வடிவத்தைப் பற்றி. டிஷ்ஷுக்கு உரிய வளைவான பரவளையத்திலிருந்து பரப்பு எங்கெங்கு விலகுகிறதோ அங்கிருந்து வரும் அலை, எல்லா அலையும் ஒன்றுசேரும் புள்ளியான குவியத்துக்கு முந்தியோ பிந்தியோ வந்து சேர்கிறது. விலகலின் சராசரி அளவு அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு ஆனால், ரூஸ் என்பவரின் சமன்பாட்டின்படி, திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 21 சென்டிமீட்டருக்கு அது ஒரு சென்டிமீட்டர். பொருத்தி முடித்தவுடன் விளிம்பின் எதிரெதிர்ப் புள்ளிகளுக்கு இடையே இரண்டு நூல்களைக் குறுக்காக இழுத்துக் கட்டிப் பார்த்தோம். டிஷ் திருகாமல் இருந்தால் இரு நூலும் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் டிஷ்ஷில் இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தது. எல்லா போல்ட்டுகளையும் தளர்த்தி, டிஷ்ஷைச் சமதளத்தில் குப்புறக் கவிழ்த்து, விளிம்பு முழுதும் தரையில் படியுமாறு செய்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக ஒவ்வொன்றாக மீண்டும் இறுக்கினோம். இதற்கு அரை நாள் ஆயிற்று. பிறகு நூல்கள் தொட்டன. இந்தப் படி கையேட்டில் இல்லை. கையேடு என்று வந்ததே மங்கலாக ஒளிநகல் எடுத்த ஒரே தாள்தான், அதில் குவியத் தூரம்கூட அச்சாகியிருக்கவில்லை.

குவியத் தூரத்தை நாமே காண்பது கடினமன்று. நூலிலிருந்து டிஷ்ஷின் அடிவரை ஆழம் 28 செ.மீ.; விட்டம் 183 செ.மீ. விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுத்தால் ஏறக்குறைய 75 செ.மீ. கிடைக்கிறது. அங்கே தொலைக்காட்சி அலையை வாங்கிப் பெருக்கும் சிறு கருவியான எல்.என்.பி. இருக்க வேண்டிய இடத்தில், 16 செ.மீ. விட்டமுள்ள தகர டப்பா ஒன்றை ஃபீடாக வைத்தோம். மூடிய அடியிலிருந்து எட்டேகால் சென்டிமீட்டர் தள்ளி, 5 செ.மீ. நீளமுள்ள செம்புக் கம்பி ஒன்றைப் பக்கவாட்டில் செருகியிருக்கிறோம். அதன் பின்னால் 1420 மெகாஹெர்ட்ஸுக்கு உரிய வடிகட்டியோடு கூடிய முன்பெருக்கி, பிறகு கணினியில் செருகி மென்பொருளால் இயக்கும் சிறிய வானொலியான எஸ்.டி.ஆர். ரிசீவர். இவை தனிப் பொருள்கள் என்பதால் இங்கே மதிப்பிடவில்லை. டப்பாவின் வாயை ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டராக முன்னும் பின்னும் நகர்த்தி, சூரியனின் அளவு எங்கே உச்சம் அடைகிறதோ அங்கே நிறுத்துவதே சரியான முறை.

வலையின் இயல்பை மாணவர்களுக்குக் காட்ட அந்த டப்பாவே பெரிதும் உதவியது. ஒரு மரச்சட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக மெல்லிய செம்புக் கம்பிகளை ஒரே திசையில் மட்டும் கட்டினோம். டிஷ் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அச்சட்டத்தை டப்பாவின் வாயருகே பிடித்தால், கம்பிகள் உள்ளேயுள்ள செம்புக் கம்பிக்கு இணையாக இருக்கும்போது சூரியன் மறைந்துவிடுகிறது. சட்டத்தைத் தொண்ணூறு பாகை திருப்பினால் மீண்டும் வந்துவிடுகிறது. எலெக்ட்ரான் கம்பியின் நீளவாக்கில் மட்டுமே ஓட முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. குறுக்கும் நெடுக்குமாக நெய்த வலை இரண்டு திசை மின்புலத்தையும் திருப்புகிறது. ஒரே திசைக் கம்பிகள் ஒரு திசையை மட்டும் திருப்புகின்றன.

எங்களூரிலிருந்து மலையேறினால் எட்டிவிடும் தூரத்தில், உதகைக்கு அருகே முத்தோரையில் உள்ள வானொலித் தொலைநோக்கி அந்த ஒரே திசைக் கம்பிகளால் ஆனதுதான். பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் முடிந்த அதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். இருபத்து நான்கு பரவளையச் சட்டங்களின் மேல் வடக்குத் தெற்காக 1100 எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. குறுக்குக் கம்பி கிடையாது. குவியக் கோட்டில் உள்ள 1056 இருமுனை ஆன்டெனாக்களும் அதே வடக்குத் தெற்குத் திசையில் அமைந்திருப்பதால் குறுக்குக் கம்பி தேவைப்படவும் இல்லை. அது கேட்கும் 326.5 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 92 செ.மீ.; ஆகவே கம்பிகளுக்கு இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருந்தாலும் அந்த அலைக்கு அது கண்ணாடிதான். உதகையின் அட்சரேகை 11 பாகை என்பதால் அதே 11 பாகைச் சரிவுள்ள மலையைத் தேர்ந்து, தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகும்படி கட்டினார்கள். ஓர் அச்சில் திருப்பினாலே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடரலாம். மூடுபனி இறங்கும் வேளையில் தொலைவிலிருந்து பார்த்தால் சட்டங்கள் மட்டுமே தெரியும். அலையைத் திருப்பும் கம்பிகள் கண்ணுக்குப் படுவதில்லை. எங்கள் மாணவர்களை அங்கே நிற்கவைத்துப் பார்த்த பிறகுதான் இந்த டிஷ்ஷை வாங்கும் எண்ணமே உறுதிப்பட்டது.

புணேக்கு வடக்கே நாராயண்காவ் பக்கம் கோடத் ஊரில் உள்ள ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கி இந்தச் சிந்தனையின் அடுத்த படி. 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது டிஷ்கள். அவற்றின் பரப்பு 0.55 மி.மீ. பருமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலை. நடுப்பகுதியில் கண் 10 மி.மீ., அடுத்த வளையத்தில் 15, ஓரத்தில் 20. ஓரத்தை அகலமாக விட்டதற்குக் காரணம் உண்டு. ஃபீட் ஓரத்தை மங்கலாகவே பார்க்கிறது. காற்றோ ஓரத்தைத்தான் வலுவாகத் திருகுகிறது. இழப்புக் குறைவான இடத்தில் கம்பியைக் குறைத்து, காற்றின் பிடியைத் தளர்த்தியிருக்கிறார்கள். வலையைக் கயிற்றுச் சட்டங்களோடு சிறு சிறு தட்டைத் துண்டுகளாக இழுத்துக் கட்டி, அத்துண்டுகள் கூடிப் பரவளையமாகும்படி செய்த முறையும் ஸ்வரூப் குழுவினருடையது. அந்த வலையும் 1420 மெகாஹெர்ட்ஸில்தான் தன் எல்லையைத் தொடுகிறது. கீழ் அலைவரிசைகளில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் திறன் அங்கே நாற்பது விழுக்காடு அளவுக்கு இறங்குகிறது. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவும் 1963-இல் கம்பி வலைப் பரப்போடுதான் தொடங்கியது. சிறிய அலைநீளங்களைக் கேட்க விரும்பியபோது, 1974-இல் அலுமினியத் தகடுகளுக்கு மாறியது.

ஆறடி என்பது சிறியதுதானே என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. இந்தியாவின் முதல் வானொலித் தொலைநோக்கி 1965-இல் மும்பைக்கு அருகே கல்யாணில் அமைந்தபோது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த முப்பத்திரண்டு ஆறடி டிஷ்களால்தான் சூரியனை ஆராய்ந்தார்கள்.

இனி, நாங்கள் கண்டவை. சூரியன் எங்கள் பார்வையைக் கடக்கும்போது திறன் குளிர்ந்த வானத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்காக உயர்கிறது. கடந்து செல்லும் நேரத்தை வைத்து அளந்தபோது பார்வையின் அகலம் சுமார் எட்டுப் பாகை; கோட்பாடு சொல்வதும் அதுவே. ஹைட்ரஜன் கோடு முதன்முதலில் தெரிந்தது ஐப்பசித் தொடக்கத்தில், இரவு ஏழரை மணிக்கு, அன்ன மண்டலம் வடக்கே 61 பாகை உயரத்தில் உச்சம் கடந்த வேளையில். அன்று வானம் முழுக்க மேகம். விண்மீன் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. 21 சென்டிமீட்டர் அலைக்கு மேகம் ஒரு பொருட்டே அன்று. ஐந்து நிமிடச் சராசரியில் திரையில் ஒரு மேடு எழுந்தது. அரை மணி நேரத்தில் அதன் வலப்பக்கம், உயர்ந்த அதிர்வெண் பக்கம், இன்னொரு மேடு தனியாகப் பிரிந்து நின்றது. நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கும் மேகம் ஐந்து கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவாகக் கோட்டை நகர்த்தும். இரண்டாம் மேடு 190 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருந்தது. ஆகவே நம்மை நோக்கி நொடிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாயு, பால்வழியின் அடுத்த சுருள் கரத்தைச் சேர்ந்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்த வகுத்தலைத் தன் நோட்டில் தானே போட்டு முடித்தாள். 1951-இல் ஹார்வர்டில் ஈவெனும் பர்செலும் முதன்முதலில் கண்ட அதே கோடு.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இம்மதிப்புரை முழுமை பெறாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைப் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரெதிரே வாழும் எங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆறடித் தகட்டு டிஷ் முகம் கொடுத்து நின்றால், மணிக்கு அறுபது கிலோமீட்டர் காற்றில் அறுபது கிலோவுக்கு மேற்பட்ட எடை அதைத் தள்ளும். வலை டிஷ்ஷில் காற்றின் பெரும்பகுதி ஊடே போய்விடுகிறது. ஆனி தொடங்கி ஆடி முடியும்வரை மாடியிலேயே இருந்தும் நிலைக்கால் அசையவில்லை. வடிவம் மட்டும் ஒரு முறை சிறிது மாறி, நூல் சோதனைக்குப் பிறகு இரண்டு போல்ட்டுகளை இறுக்க நேர்ந்தது. மழைநீர் தேங்குவதில்லை. தகட்டு டிஷ் சூரியனைப் பார்க்கும்போது வெயிலும் குவியத்தில் சேர்ந்து ஃபீடை உருக்கிவிடக்கூடும். வலையில் அந்த ஆபத்தும் இல்லை.

குறைகள் சிறியவை அல்ல. முதலாவது, சாய்வு. 83 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள் இங்கிருந்து ஏறக்குறைய 75 பாகை உயரத்தில் இருப்பதால், நம் பகுதிக்கு விற்கும் டிஷ்ஷின் சாய்வுத் துளைகள் உச்சிவானத்தை ஒட்டியே போடப்பட்டிருக்கின்றன. 61 பாகைக்கு இறக்கவே முடியவில்லை. உள்ளூர் வெல்டிங் பட்டறையில் புதிய கிளாம்ப் செய்து பொருத்தினோம். இரண்டாவது, ஃபீட் கால்கள் கைப்பிடியளவு எல்.என்.பி.யைத் தாங்கச் செய்தவை. தகர டப்பாவின் எடைக்கு வளைந்தன. அவற்றுக்கு இடையே ஒரு வளையம் சேர்த்த பிறகே நிமிர்ந்தன. மூன்றாவது, வலைத் துண்டுகளில் ஒன்று மடங்கி வந்தது. விற்றவரிடம் தெரிவித்தபோது மாற்றித் தர மறுத்துவிட்டார். மர உருளையால் தேய்த்து நேராக்கினோம்; 21 சென்டிமீட்டருக்கு அந்த வடு பொருட்டன்று, ஆனால் சி பேண்டுக்கு வாங்குபவருக்கு அது குறைதான். நான்காவது, போல்ட்டுகள் முதல் மழைக்கே துருப்பிடித்தன. வலையின் துத்தநாகப் பூச்சு இன்றும் நன்றாக இருக்கிறது. வெட்டிய விளிம்புகளில் மட்டும் செம்பழுப்பு தெரிகிறது. அங்கே சாதாரண பெயிண்ட் அடித்தாலே போதும். பெயிண்ட் இந்த அலையைத் தடுக்காது.

ஹைட்ரஜன் கோட்டுக்காக வாங்கும் பள்ளிகளுக்கும் ஆர்வலர்களுக்கும் இந்த டிஷ்ஷைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்; பட்டறைச் செலவாக இன்னும் ஆயிரம் ரூபாயை ஒதுக்கிக்கொள்ளுங்கள். 12 கிகாஹெர்ட்ஸ் அளவில், இரண்டரை சென்டிமீட்டர் அலையில் சோதனை செய்ய விரும்புவோர் இதை வாங்க வேண்டாம். அங்கே 6 மி.மீ. கண் அலைநீளத்தின் கால் பங்கு, ஒழுக்கு மிகும். வாங்குவோர் கடையிலேயே வலைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். வளைவுகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரவில்லையென்றால் வேறு தொகுப்பைக் கேளுங்கள். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளை, இருபுறமும் அகலமான வாஷருடன், முதல் நாளே மாற்றிவிடுங்கள். இடி மின்னல் தென்படும் மாலைகளில் கேபிளைக் கணினியிலிருந்து கழற்றி வைக்கவும், நிலைக்காலை எர்த் கம்பியோடு இணைக்கவும் மறவாதீர்கள்.